மதகடியில் இல்லாத கொண்டலாத்தி

மேவிஸின் குளியலறைக்கு இனி எந்த ஜென்மத்திலும் பெயிண்ட் அடிப்பதில்லை என்று நார்மன் ஃபிட்ச் அந்தச் சனிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டே முடிவெடுத்தார். ஒரு கன்னத்தில் நுரை இருந்தது. இன்னொரு கன்னத்தில் வீரம் இருந்தது.

மேவிஸ் அவர் மனைவி எனிடின் அக்கா. நாலு மைல் தள்ளிப் பில்பரோவில் இருந்தாள். ஆங்கிலத்தில் மேவிஸ் என்பது பாடும் பறவை ஒன்றுக்குப் பழைய பெயர். நார்மன் நாற்பது வருஷமாகப் பறவை பார்க்கிறவர். எந்தப் பறவை எங்கே இருந்தாலும் தேடிப் போய்ப் பார்ப்பார், இந்த ஒன்றைத் தவிர.

ஏற்கெனவே மூன்று சனிக்கிழமைகளைக் கடத்தியாகிவிட்டது. முதல் வாரம் முதுகு வலி. இரண்டாம் வாரம் காற்றில் ஈரம் அதிகம், பெயிண்ட் காயாது. மூன்றாம் வாரம் மறுபடியும் முதுகு வலி. ஆனால் அன்று சாயங்காலமே அவர் ஓர் ஆந்தையின் பின்னால் வேலி தாண்டிக் குதித்ததை எனிட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். ஆகவே முதுகு இனி உதவாது. புதிதாக ஒன்று வேண்டும். பெரிதாக வேண்டும். மறுபேச்சு பேச முடியாததாக வேண்டும்.

கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கொண்டலாத்தி."

நம் பக்கத்தில் கொண்டலாத்தி பள்ளிக்கூட மைதானத்தில்கூடக் கொத்திக்கொண்டு திரியும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நார்மன் இருக்கும் இங்கிலாந்து நார்ஃபோக்கில் அப்படியில்லை. கடல் தாண்டி, வழி தவறி, எப்போதாவது ஒன்று வந்து இறங்கும். சேதி தெரிந்தால் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிற ஆட்கள் உண்டு. நார்மன் தேனிலவுக்குக் கார்ன்வாலுக்குப் போனதே அங்கே ஒரு கொண்டலாத்தி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான். எனிடுக்கு இந்த விஷயம் ஆறாம் நாள்தான் தெரிந்தது. கொண்டலாத்தியை அவர் அங்கேயும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

அதெல்லாம் சரி, ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஸ்னெட்லிங் என்ற அந்த ஊரின் பறவைக் குழுவுக்கு நார்மன்தான் செயலாளர். ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் இழுத்த கை, குழுவின் பதிவேட்டையும் அதே கறாரோடு நடத்திவந்தது. போன வருஷம் பன்றி வளர்க்கும் உட்டிங் ஒரு கழுகைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தபோது, 'தூரத்தில் பறந்த வாத்து' என்று சிவப்பு மையால் திருத்தியவர் அவர். ஆனால் இந்தக் கொண்டலாத்தி பதிவேட்டுக்குப் போகப் போவதில்லையே? எனிடின் காதுக்கு மட்டும்தான். குடும்பத்துக்குள் சொல்கிற பொய்க்குச் சிவப்பு மை கிடையாது.

எனிட் கொல்லைத் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நார்மன் கூடத்துக்கு வந்து டெலிபோனை எடுத்தார். அது கொர்ரென்றது. அந்தக் கொர்ரைப் பார்த்துக் கத்தினார்.

"என்னது! கொண்டலாத்தியா! மதகு பக்கத்துலயா! அசையாம நில்லு, இதோ வந்துட்டேன்!"

பின்கதவு திறந்தது. எனிட் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். வாயில் துணி மாட்டும் கிளிப் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, "நார்மன், சீக்கிரம் வா, நம்ம தோட்டத்துல ஒரு..." என்றாள்.

"உஷ்! பேசாதே! போன்!"

"இல்ல நார்மன், ஒரு..."

"எனிட்! முக்கியமான விஷயம்!" அவர் டெலிபோனைக் கீழே வைத்தார். "மதகு பக்கத்துல கொண்டலாத்தி இறங்கியிருக்காம்."

எனிட் வாயை மூடிக்கொண்டாள். கிளிப்பை டெலிபோன் பக்கத்தில் வைத்தாள்.

"யார் சொன்னது?"

"லெஸ்லி."

"நம்ம பக்கத்து வீட்டு லெஸ்லியா?"

"வேற எத்தனை லெஸ்லி இருக்கான் இந்த ஊர்ல? சதுப்புக்குப் போற வழியில போன் பூத் இருக்கே, அங்கேருந்து கூப்பிட்டான். பாவம், கையெல்லாம் நடுங்குதாம் அவனுக்கு."

எனிட் சமையலறை ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"நடுங்கத்தான் செய்யும்," என்றாள். "காலையில குளிரு. சரி, அது எப்படி இருக்கும், இந்தக் கொண்டலாத்தி?"

இதைத்தான் நார்மன் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு பறவையைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவர் உருகிப்போனார். ஐந்து விரலையும் விரித்துத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு கொண்டை. விசிறி மாதிரி விரியும், மூடும். கழுத்தெல்லாம் வெளிறின ரோஜா நிறம். இறக்கையில கறுப்பு வெள்ளைப் பட்டை. வளைஞ்ச நீள அலகு. புல்லுல குத்திக் குத்திப் புழு எடுக்கும்."

"கொண்டை விரியும், மூடும்."

"ஆமா."

"புல்லுல குத்தும்."

"குத்தும்."

"நிச்சயமா அது மதகு பக்கத்துலதான் இருக்கா நார்மன்? வேற எங்கயும் இல்லையே?"

"எனிட், நாற்பது வருஷமா பறவை பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஓடு," என்றாள் எனிட். "நிக்காதே. மேவிஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நார்மன் திகைத்து நின்றார். எதிர்ப்பு வரும், அழுகை வரும், குறைந்தது மேவிஸின் இளைப்பு நோய் பற்றிய பேச்சாவது வரும் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அது மட்டுமல்ல, சீஸும் ஊறுகாயும் வைத்து நாலு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, "மெதுவா வா, அவசரமில்ல," என்று வழியனுப்பினாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனிதர் சாண்ட்விச்சின் கனத்தைப் பார்த்து மயங்கிவிட்டார்.

சதுப்பு நிலம் கால் மணி நடை. நாணலுக்கு நடுவே, மதகுக்கு எதிரில், பறவை பார்க்க ஒரு மரக்குடில் கட்டியிருந்தார்கள். சுவரில் நீளமாக ஒரு திறப்பு, அதன் முன்னால் ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு கரும்பலகை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்த ஒரே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். லெஸ்லியின் பிளாஸ்கிலிருந்து ஒரே மூடியில் டீ கைமாறும். உட்டிங் பன்றிக்கறிப் பணியாரம் கொண்டுவருவார். நாணல் அசைந்தால் ஏழு முழங்கைகள் ஏழு விலாவில் இடிக்கும். வெளியே வந்தது தாழைக்கோழி என்று தெரிந்ததும் ஏழு பெருமூச்சு. உலகத்திலேயே நார்மனுக்குப் பிடித்த இடம் அந்தப் பெஞ்சுதான்.

இன்றைக்கும் வழக்கம்போல அவர்கள் வருவார்கள், தானும் வழக்கம்போல உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பி, 'பறந்துபோச்சு எனிட், என்ன செய்ய' என்று சொன்னால் முடிந்தது. திட்டத்தில் ஓட்டையே இல்லை.

ஒன்பது மணி ஆயிற்று. யாரும் வரவில்லை.

ஒன்பதரை. நாமக்கோழிகள் இரண்டு சண்டை போட்டன. ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்துபோனது. விலாவில் இடிக்க ஆளில்லாததால் அது பாதிப் பருந்தாகத்தான் தெரிந்தது.

பத்து மணி. முதல் சாண்ட்விச் தீர்ந்தது. பத்தே முக்காலுக்கு நாலாவதும் தீர்ந்தது. ஊரில் யாராவது செத்துவிட்டார்களா? அப்படியானால்கூட லெஸ்லி வந்துவிட்டுத்தானே இடுகாட்டுக்குப் போவான்? நார்மன் எழுந்து போய் மரப்பாலத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

பதினோரு மணிக்கு மரப்பாலத்தில் தடதடவென்று சத்தம். அப்பாடா என்று எழுந்தார். வந்தது லெஸ்லி இல்லை. முன்பின் தெரியாத ஒரு புருஷன் பெண்டாட்டி. இருவர் தோளிலும் தொலைநோக்கி. முகமெல்லாம் வியர்வை.

"சார், இங்கதான் கொண்டலாத்தியா?" என்றான் அந்த ஆள்.

சவரக் கண்ணாடியின் முன் பிறந்த பறவை அது. அதற்கு எப்படி ஆள் தேடி வந்தார்கள்?

"கொண்டலாத்தியா? உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"நாரிச் டவுனே பேசிக்குது சார். காலையில எட்டரைக்கே எல்லாருக்கும் போன் போயாச்சு. வழி தவறி இங்க வந்துட்டோம் போல." அவன் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தான். "ஸ்னெட்லிங், சேப்பல் தெரு. யாரோ ஃபிட்ச்னு ஒருத்தர் வீடாம். புல்தரையில அசையாம நிக்குதாம். அந்த வீடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் நார்மன். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இருபது வருஷமா அங்கதான் தூங்கறேன்."

அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை ஸ்னெட்லிங்கில் இன்றைக்கும் பேசுகிறார்கள். முதுகு வலிக்காரர் என்று யாரும் நம்பமாட்டார்கள். பைனாகுலர் நெஞ்சில் மொத்து மொத்தென்று மொத்தியது. சேப்பல் தெருமுனையில் கார்கள். தெரு நெடுகக் கார்கள். பால் வண்டிக்காரன் போக வழியில்லாமல், போகிற நினைப்பும் இல்லாமல், பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டு வேலிமேல் ஏறி நின்றிருந்தான்.

வேலிக்கு மேலாக நார்மன் கண்ட காட்சி இதுதான். அவர் தோட்டத்தில் நாற்பது பேர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் மற்ற ஆறு பேரும் முன்வரிசையில். உட்டிங் கையில் அவருடைய சொந்தக் கோப்பை. நடுவில் எனிட், பெரிய டீப்பாத்திரத்தோடு, விருந்து நடத்துகிற பெரிய வீட்டுக்காரிபோல.

அந்த அதிர்ச்சியில் அவர் செய்யக்கூடாததைச் செய்தார். தோட்டத்து வேலிக் கதவைத் தள்ளினார். எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று எனிட் ஒரு வருஷமாகச் சொல்லிவந்த கதவு அது. வீலென்று அலறியது.

நாற்பது வாயிலிருந்தும் ஒரே 'ஐயோ'.

நாற்பது தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் தலைமுடியில் லேசாகக் காற்று பட்டது.

"யோவ் ஃபிட்ச்!" உட்டிங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உன் தலைக்கு மேல ஒரு முழம்யா! உன் முடியைக் கலைச்சிட்டுப் போச்சு! பார்த்தியா?"

"எதை?" என்றார் நார்மன். அவர் அதுவரை உட்டிங் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினார். தெருவில் கார்கள் இருந்தன. கூரைமேல் ஒரு புறா இருந்தது. வானம் காலியாக இருந்தது.

பறவை பார்க்கிறவர்கள் கூட்டத்தில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு. பறவையைக் கலைத்துவிட்டவனுக்குக் கிடையாது. மரப்பாலத்தில் பார்த்த அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் அப்போதுதான் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் உட்கார்ந்து அழுதாள். நார்மன் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் இருந்தால் அவரும் உட்கார்ந்திருப்பார்.

"விடுங்கப்பா, அவனும் மனுஷன்தானே," என்று லெஸ்லி டிம்ஸ் எழுந்து வந்து தோளில் கைவைத்தான். நல்ல ஆள், பக்கத்து வீட்டுக்காரன், இன்னும் பைஜாமாவில் இருந்தான். "ரெண்டே முக்கால் மணி நேரம் பார்த்தோம் நார்மன். கொண்டையை விரிச்சது பாரு! எனிட் எங்களுக்கெல்லாம் டீ ஆத்திக் கொடுத்தாங்க. நீ எங்கன்னு கேட்டா, மதகு பக்கத்துல ஒரு கொண்டலாத்தி இருக்கு, அதைப் பார்க்கப் போயிருக்கார்னு சொன்னாங்க. அப்ப ரெண்டு இருக்கா?"

உட்டிங் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டா?" என்றார் உட்டிங். "அப்ப ஜோடி!"

"ஜோடின்னா கூடு கட்டும்!"

நாற்பது பேரும் எழுந்தார்கள். நாற்பது தொலைநோக்கிகள் தோளேறின. பால்காரன்கூட வேலியிலிருந்து குதித்துவிட்டான். "வழி காட்டு நார்மன்! மதகுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

வழி காட்டினால், இல்லாத பறவையைத் தேடி நாற்பது பேரை முழங்கால் சேற்றில் இறக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கழுகை வாத்தாக்கிய செயலாளர், காற்றைக் கொண்டலாத்தி ஆக்கினார் என்று ஊர் உள்ளவரை பேச்சு நிற்கும். அந்தப் பெஞ்சில் இனி அவருக்கு இடமிருக்காது. அவர் எனிடைப் பார்த்தார். எனிட் டீப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அது அப்பவே பறந்துபோச்சு. இல்லையா நார்மன்?"

"போச்சு," என்றார் நார்மன். அன்று காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தையை மட்டுமே பேசியிருக்கக் கூடாதா என்று பின்னால் ஏங்கினார்.

"மதகுலேருந்து கிளம்பி இங்க வந்திருக்கும். ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கு இன்னும் டீ வேணும்?"

கூட்டம் மூச்சு விட்டது. லெஸ்லி, எனிட் எடுத்துக் கொடுத்திருந்த பதிவேட்டைத் திறந்தான். "அப்ப முதல்ல பார்த்தது நம்ம செயலாளர்! எழுதிடறேன். கொண்டலாத்தி, மதகடி, பார்த்தவர் நார்மன் ஃபிட்ச்..."

நாற்பது வருஷக் கனவு. பேனா தாளைத் தொட்டுவிட்டது. நார்மன் கை நீண்டு அந்தப் பேனாவைப் பிடித்தது.

"எழுதாதே லெஸ்லி. நான்... நான் சரியா பார்க்கல. எனிட் பேரைப் போடு."

"பார்த்தீங்களா!" என்றார் உட்டிங் எல்லோரையும் பார்த்து. "இதுக்குப் பேர்தான் நாணயம்!" கண்ணில் நீரோடு நார்மன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுகு விஷயத்தையே மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் குலுக்கலை நார்மனால் தாங்கவே முடியவில்லை.

கடைசிக் கார் போனபிறகு, சமையலறையில் நாற்பது கோப்பைகளை நார்மன் கழுவினார். எனிட் துடைத்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"லெஸ்லி போன் பூத்துலேருந்து பேசறப்போ, இந்த ஜன்னலுக்கு நேரா பைஜாமாவோட கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தான்."

நார்மன் ஒரு கோப்பையை இரண்டாம் முறை கழுவினார்.

"அந்தப் பறவை?"

"அதைச் சொல்லத்தானே உள்ள ஓடி வந்தேன். உஷ், பேசாதே, போன்னு சொன்னே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே எனிட்! கொண்டை விரியுமான்னு கேட்டியே! புல்லுல குத்துமான்னு கேட்டியே!"

"நிச்சயமா மதகு பக்கத்துலதானான்னும் கேட்டேன். உனக்கு நாற்பது வருஷ அனுபவம். நான் யாரு குறுக்கே பேச?" அவள் ஐந்து விரலையும் விரித்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள். கொண்டை ஒருமுறை விரிந்தது, ஒருமுறை மூடியது. "நாளைக்கு எட்டு மணிக்கு மேவிஸ் வீடு. ஏணியைக் காருக்கு மேல கட்டிடு."

ஞாயிற்றுக்கிழமை எட்டேகாலுக்கு நார்மன் ஏணிமேல் இருந்தார். மேவிஸ் குளியல்தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களை ஊன்றுகோலால் காட்டிக்கொண்டிருந்தாள். பறவையின் பெயர் வைத்த பெண்ணுக்குப் பருந்தின் கண் இருந்தது.

பத்து மணிக்குக் கீழே டெலிபோன் மணி அடித்தது. எனிடின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

"நார்மன்! லெஸ்லி பேசினான். கொண்டலாத்தி திரும்ப வந்திருக்காம். நம்ம புல்தரையிலேயே!"

நார்மனின் தூரிகை நின்றது. ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தும்விட்டார். அப்போதுதான் அவருக்குள் மணி அடித்தது.

அடேயப்பா! என்ன நடிப்பு! வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள், அதற்கு லெஸ்லியாம். நேற்று இவர் விட்ட அதே கதையை அப்படியே திருப்பி விடுகிறாள். இவர் தூரிகையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், வாசலில் அக்காளும் தங்கையும் நின்று கைகொட்டிச் சிரிக்க வேண்டும். எத்தனை தடவைதான் ஒரு மனிதன் ஏமாறுவான்?

காலை மறுபடி மேலே வைத்தார். "அப்படியா?" என்று இனிமையாகக் கேட்டார். "எந்தப் போன் பூத்துலேருந்து பேசினான்?"

"வீட்டுலேருந்துதான். வா நார்மன்."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நானும் நேத்து நிஜமாத்தான் சொன்னேன்."

"நிச்சயமா வரலையா?"

"எனிட், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன். இந்தக் கூரையை முடிக்காம இறங்க மாட்டேன்."

"சரி. அப்ப நானும் மேவிஸும் போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

மேவிஸ் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். தொப்பி தேடுகிற சத்தம் கேட்டது. கார் கிளம்புகிற சத்தமும் கேட்டது. காரையே எடுத்துக்கொண்டு போய் நடிக்கிறார்களே என்று நார்மன் வியந்தார். தெருமுனையில் நிறுத்திக் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஜெயித்திருந்தார். அந்த உற்சாகத்தில் கூரையை முடித்து, நாலு சுவருக்கும் இரண்டாம் பூச்சு அடித்து, ஜன்னல் சட்டத்தையும் தேய்த்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கார் திரும்பியது. படியேறும்போதே மேவிஸின் குரல் கேட்டது. இளைப்பு நோயையும் மீறிய குரல்.

"எனிட், அது என் செருப்புகிட்டயே வந்துச்சே! கொண்டையை விரிச்சு என்னைப் பார்த்துச்சே!"

காக்கைக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதவள் மேவிஸ். அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்தாலும், கொண்டலாத்தியைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாது. நார்மனின் கையிலிருந்து தூரிகை நழுவித் தொட்டியில் விழுந்தது.

"எனிட்," என்றார். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அது... வந்திருந்துச்சா?"

"நாலு மணி நேரம் இருந்துச்சு. இப்பத்தான் கடல் பக்கமா போயிடுச்சு. இனி வராதுன்னு லெஸ்லி சொல்றான்."

"ஏன் எனிட் சொல்லலை?"

"சொன்னேனே," என்றாள் எனிட். அவளுக்கே வருத்தமாக இருந்த மாதிரி இருந்தது. "உனக்குத்தான் நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுபோச்சு."

நார்மன் ஏணிமேலேயே நின்றார். மேவிஸ் உள்ளே வந்து, மூக்கைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெளிறின ரோஜா நிறத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதோட கழுத்து அச்சு அசல் இந்த நிறம்தான் நார்மன். நல்லா பார்த்துக்கோ. சமையலறைக்கும் இதேதான் வாங்கி வெச்சிருக்கேன்."